ஸ்டியரிங் மேல் ஒரு பலகை

அப்பாவின் டிரெய்லரில் ஒரு பலகை இருந்தது. சாதாரண ப்ளைவுட் துண்டுதான். ஏதோ ஒரு கன்டெய்னருக்குள் சரக்கு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்து வந்து, சரக்கு இறங்கியதும் யார்டு ஓரத்தில் வீசப்பட்ட துண்டு. அப்பா அதை எடுத்து வந்து ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஆணி அடித்துவைத்திருந்தார். ஸ்டியரிங் வளையத்தின் மேல் வைத்தால் நழுவாது. வண்டி நிற்கும்போது அதுதான் அவருடைய சாப்பாட்டு மேசை. குழம்புக் கறையும் டீ டம்ளரின் வட்டங்களும் அதன் மேல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒரு மூலையில் எந்த நாட்டு மொழி என்று தெரியாத நான்கு கறுப்பு எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டு நின்றன. அந்தப் பலகையில் காகிதத்தை வைத்து எழுதினால் பேனா முனை பட்டுப் பட்டு ஒரு சத்தம் வரும். எஞ்சின் நின்றிருக்கும்போது அது நன்றாகவே கேட்கும்.

அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரைவர். எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து யார்டுகளில் பெட்டியை ஏற்றிக்கொண்டு, கடலோரச் சாலை வழியாகக் காசிமேட்டைத் தாண்டித் துறைமுக வாசலுக்குள் நுழைய வேண்டும். சாலை காலியாக இருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் போய்விடலாம். அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் வீடுகள், நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். சில நாள் அரை நாள், சில நாள் விடிந்து மறுபடி இருட்டும் வரை. இதை அவர்கள் லைன் என்பார்கள். லைனில் நிற்கிற டிரைவருக்குச் சட்டம் ஒன்றுதான். முன்வண்டி நகர்ந்தால் நகர்ந்துவிட வேண்டும். ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு இடைவெளி, அவர்கள் சொல்கிற கேப்பு, விட்டால் பக்கத்திலிருந்து ஒருத்தர் மூக்கை நுழைப்பார், அவர் பின்னாலேயே இன்னும் பத்து வண்டி வந்துவிடும். "சோத்த கூட வுட்டுரு, கேப்ப மட்டும் வுட்டுறாத" என்பது அப்பா அடிக்கடி சொல்வது. முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பார், டிரைவர் கண்ணயர்ந்தால் அவர் பார்த்துக்கொள்வார். இப்போது எந்த முதலாளியும் கிளீனர் வைப்பதில்லை. அதனால் அப்பா லைனில் தூங்குவதே இல்லை. தூங்காதவர் என்று அந்தச் சாலை முழுக்க அவருக்கு ஒரு பெயர் இருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் பி.காம். முடித்து வீட்டுக்கு வந்த வருஷம் அது. தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான் இல்லை. வாங்கிவிட்டு அவ்வளவு நாள் சும்மா உட்கார்ந்திருந்த முதல் பெண் நானாகத்தான் இருக்கும். கிண்டியில் ஒரு கம்பெனி, பெருங்குடியில் இரண்டு கம்பெனி என்று போய் வந்தேன். எல்லாம் போனில் பேசுகிற வேலை. ஒரு இடத்தில் கடைசிச் சுற்று வரை கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த பெண் சிரித்த முகத்தோடு, "உங்க பேச்சுல உங்க ஏரியா தெரியுதும்மா, அத மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டு வாங்க" என்றார். ஏரியாவை எங்கே கொண்டுபோய்ச் சரிபண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாரிமுனையில் பஸ் மாறும்போது வாயையே திறக்காமல் சில்லறையை நீட்டி, கையாலேயே டோல்கேட் பக்கம் காட்டி டிக்கெட் வாங்கினேன். அன்றைக்கு அப்படி ஒரு அவமானம்.

அது முதல் அவமானமாக இருந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எழுதுகிற பழக்கம் இருந்தது. கதை கவிதை என்றெல்லாம் இல்லை, தெருவில் நடந்ததை, வீட்டில் பேசியதை, எனக்குத் தோன்றியதை எழுதிவைப்பேன். பேசியதைப் பேசியபடியே எழுதுவேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஒரு விழாவில் அப்படி ஒன்றை மேடையில் படித்தேன். எதிர் வீட்டு அத்தையைப் பற்றியது. அத்தையின் வீட்டுக்காரர் வேலைபார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பி, கல்மண்டபம் பக்கம் எங்கோ உட்கார்ந்திருந்துவிட்டு மாலை திரும்புவார். தெருவுக்கே தெரியும். அத்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் காலையில் எழுந்து சமைத்து, டப்பாவை மூடிக் கையில் கொடுப்பாள். தண்ணி லாரி வரும்போது குடத்தோடு நின்றுகொண்டு, "இன்னிக்கு லேட்டா தான் வருவாரு, ஓவர்டைமு கீதாம்" என்று எல்லோரிடமும் சொல்வாள். அந்த இடத்தை வேகம் குறைத்துப் படித்தேன். ஆனால் அரங்கம் சிரித்தது. "கீதாம்" என்ற சொல்லைக் கேட்டதும் சினிமாவில் காமெடி வந்தது போலச் சிரித்தார்கள். கைதட்டினார்கள். நகைச்சுவைக்கென்று ஒரு பரிசும் கொடுத்தார்கள். நான் அந்தப் பரிசை வாங்கிக்கொண்டு வந்தேன், அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அத்தையை நான்தான் கூட்டிப்போய் அத்தனை பேர் சிரிக்கும்படி நிறுத்திவிட்டேன் என்று இருந்தது.

வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது அம்மா என்னிடம் சாப்பாட்டுப் பையைக் கொடுத்து அப்பாவிடம் அனுப்ப ஆரம்பித்தாள். டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய், கடலோரச் சாலையில் இறங்கி, நிற்கிற வண்டிகளின் நம்பரைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். அப்பா கதவைத் திறந்து கையைக் கொடுத்து மேலே தூக்குவார். முதல் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு நாள் அவர் கண்கள் சிவந்துபோய், சோற்றைப் பிசைந்த கை பலகை மேலேயே நின்றுவிட்டது. உட்கார்ந்தபடியே தூக்கம். நான் தொட்டு எழுப்பி, "நீ கொஞ்ச நேரம் படுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அப்பா யோசித்தார். பிறகு டிரைவர் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் இருந்த படுக்கைப் பலகையில் ஏறினார். "முன்னாடி வண்டி புகை வுட்டுச்சுனா எழுப்பு. அவ்ளோ தான் உன் வேல" என்றார். படுத்தபடியே இன்னொன்றும் சொன்னார். "வூட்ல ஒக்காந்துகினு செவுத்தையே பாத்துகினு கீற. இங்க குந்திகினு ரோட்ட பாரு. காத்தாவது வரும்."

காற்று வந்தது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வீசினால் கேஸ் வாடையும் சேர்ந்து வரும், கடல் பக்கத்திலிருந்து வீசினால் கருவாட்டு வாடை. நான் பார்க்க வேண்டிய ரோட்டை முன்வண்டியின் கன்டெய்னர் மறைத்துக்கொண்டிருக்கும். இரண்டு கதவு, நான்கு இரும்புக் கம்பி, ஒரு நம்பர். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொக்கும். அதற்காகத்தான் ஒரு நாள் பையில் பேனாவும், பழைய கல்லூரி ரெக்கார்டில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களும் எடுத்துப் போனேன். எழுதினால் தூக்கம் வராது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஸ்டியரிங் மேல் பலகையை வைத்து முதலில் எழுதியது அந்தக் கன்டெய்னர் கதவைப் பற்றி. பிறகு அப்பா தூங்குகிற விதத்தைப் பற்றி, ஒரு கையைத் தலைக்கு வைத்து, மற்றொரு கை கியர் இருக்கிற திசையிலேயே கிடப்பதைப் பற்றி. பிறகு அந்தச் சாலையில் ஒரு பெண்பிள்ளை ஒதுங்குவதற்கு ஒரு இடம் இல்லாததைப் பற்றி, ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, "அக்கா, பாத்ரூம் போகணும்" என்று கேட்பதைப் பற்றி. அங்கே என் பேச்சைக் கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை. எல்லோரும் என்னைப் போலத்தான் பேசினார்கள்.

லைனில் மற்ற டிரைவர்களுக்கு நான் ஏதோ சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைப்பு. அப்பாவும் அதை மறுக்கவில்லை. டீ வாங்க இறங்குகிறவர்கள் எனக்கும் ஒன்று வாங்கி வந்து ஜன்னலில் நீட்டுவார்கள். அதிலும் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பல நாள் அவர் வண்டி எங்களுக்குப் பின்னால்தான் நிற்கும். "என்ன கலெக்டரம்மா, இன்னைக்கு எம்புட்டு படிச்சிய?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார். அவர்களை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு உறுத்தும். ஒரு நாள் அப்பாவிடமே கேட்டேன், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று. "இன்னானு சொல்வ? சும்மா எழுதிகினு கீறேன்னா, அவங்களுக்கு இன்னா புரியும். பரீச்சைனா டீயாவது வருது" என்றார். அவர் எழுத்தைப் பற்றி என்னிடம் அவ்வளவு நாளில் பேசியது அவ்வளவுதான். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதே இல்லை. வேலைக்கு என்ன பண்ணப்போகிறாய் என்றும் கேட்கவில்லை. அதை அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நாளுக்கு வருகிறேன். மதியம் தாண்டிவிட்டது. அன்று அப்பா ஏற்றியிருந்த பெட்டி சாயந்திரம் கேட் மூடுவதற்குள் உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தக் கப்பல் அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். முதலாளி காலையிலிருந்தே போன் செய்துகொண்டிருந்தார். ஆனாலும் லைன் நல்ல இடத்தில் நின்றது, சாலை வளைகிற இடத்தைத் தாண்டிவிட்டால் வாசல் தெரிந்துவிடும். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் பலகையை எடுத்துவைத்தேன். அன்று காலையிலிருந்தே எனக்குள் எதிர் வீட்டு அத்தை வந்து நின்றுகொண்டிருந்தாள். அரங்கம் சிரித்த அதே விஷயத்தை மறுபடி எழுதினால் என்ன என்று தோன்றியது. இந்த முறை யார் முன்னாலும் படிப்பதற்காக இல்லை. எழுத உட்கார்ந்ததும் அது வந்தது. அத்தையின் குரல் வந்தது, குடம் வந்தது, அவள் விரலில் இருந்த வெட்டுக்காயம்கூட வந்தது. ஹாரன் சத்தம் கேட்டது. அந்தச் சாலையில் ஹாரன் எப்போதும் கேட்பதுதான்.

"அத்தை டப்பாவை மூடிவிட்டு" என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன என்பதற்காகத் தலையைத் தூக்கினேன். முன்னால் கன்டெய்னர் கதவு இல்லை. வெறும் சாலை கிடந்தது, அது வளைகிற இடத்தில் கடல் தெரிந்தது. அந்தக் கண்ணாடி வழியாகக் கடலை நான் பார்த்தது அன்றுதான். பக்கவாட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. திரும்பி, "ப்பா, லைனு பூட்ச்சு" என்றேன்.

அப்பா படுத்திருக்கவில்லை. கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். தூங்கி எழுந்த முகமே இல்லை அது. "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் வண்டிய எடுக்கல?"

"எழுதிகினு இருந்த இல்ல. முட்ச்சுக்கோ."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் வந்தது கோபம். பலகையை ஸ்டியரிங்கிலிருந்து பிடுங்கி அவர் பக்கம் தள்ளினேன். "உன்ன யாருப்பா வுட சொன்னது? நான் இன்னா பெருசா எழுதி கிழிச்சிட்டேன்? கேட்டு மூட்னா முதலாளிக்கு இன்னா சொல்வ?" என்று கத்தினேன். அவர் நிதானமாக டிரைவர் சீட்டுக்கு இறங்கி வந்து சாவியைத் திருப்பினார். "காலேஜு நடுவுல எழுதறத வுட்டுட்ட. ஏன்னு நீ சொல்லல, நானும் கேக்கல. இப்பத்தான் மறுபடியும் எழுதற. அதான் எழுப்ப மனசு வரல" என்றார். எழுப்ப என்றுதான் சொன்னார், தூங்கிக்கொண்டிருந்தது நான் என்பது போல.

அன்று கேட் மூடிவிட்டது. பெட்டி யார்டுக்கே திரும்பியது. முதலாளியிடம் அப்பா போனில் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "கண்ணு அசந்துட்டேன் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முதலாளி அப்பாவிடம் கொடுத்திருந்த புது வண்டி இன்னொருத்தருக்குப் போனது, அப்பாவுக்கு யார்டிலேயே பழசான ஒரு வண்டி வந்தது, அதுவும் பல நாள் ஓடாது. தூங்காதவர் என்ற பெயரும் போனது. லைனில் சின்னப் பையன்களெல்லாம் ஜன்னலைத் தட்டி, "இன்னா மாமு, முழிச்சிகினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவர் சிரித்துவைப்பார். அண்ணாச்சி மட்டும் ஒரு நாள் டீக்கடையில் என்னைத் தனியாகப் பார்த்துச் சொன்னார், "ஒங்கப்பா தூங்குனேங்காரு. நான் ஹாரன் அடிக்கேன், அவரு படுக்கை பக்கத்து ஜன்னல் வழியா கைய வெளிய நீட்டி என்னைய போ போங்காரு. முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. எதுக்கும்மா அப்படி?" நான் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், அப்படி என்ன எழுதினாய் என்று கேட்பார். "அத்தை டப்பாவை மூடிவிட்டு" என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வண்டியில் ஏறவில்லை. சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எழுதவும் முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அப்பாவைக் குறை சொல்வது போல ஆகிவிடும். அவர் செய்தது எனக்காகத்தான். ஆனால் காகிதத்தை எடுத்தாலே அந்தக் காலிச் சாலை முன்னால் வந்தது. ஒரு மனிதர் தன் நல்ல பெயரை விட்டுக்கொடுத்து வாங்கித்தந்த நேரத்தில், இந்த வாக்கியத்தையா எழுதப்போகிறேன் என்று இருக்கும். எந்த வாக்கியமும் அதற்கு ஈடாகவில்லை. அரங்கத்தில் சிரித்தவர்கள் என்னை ஒரு முறை நிறுத்தினார்கள் என்றால், அன்போடு விட்டுக்கொடுத்தவர் இரண்டாவது முறை நிறுத்திவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்காக என்மேல் அதைவிடக் கோபம் இருந்தது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டரில் பதிவுபோடும் வேலை கிடைத்தது. வாசலில் வருகிற பெட்டியின் எண்ணை அடிக்க வேண்டும், போகிற பெட்டியின் எண்ணை அடிக்க வேண்டும். நிரந்தரம் இல்லை, ஒப்பந்தம்தான். தப்பில்லாமல் அடிப்பேன் என்று நல்ல பெயர் எடுத்தேன். இந்த வருஷம் அந்த வாசலில் பெட்டியின் எண்ணைத் தானே படித்துக்கொள்ளும் கேமராவை மாட்டினார்கள், எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பட்டம் வாங்கி வந்த வருஷம் எங்கே நின்றேனோ கிட்டத்தட்ட அங்கேயே மறுபடி வந்து நிற்கிறேன். வயது மட்டும் கூடியிருக்கிறது, அம்மாவின் கேள்வியும் வேலையிலிருந்து கல்யாணத்துக்கு நகர்ந்திருக்கிறது. இதற்கிடையில் சர்க்கரை அப்பாவின் கண்ணுக்குப் போய்விட்டது. கனரக வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில், எதிரே இருந்த எழுத்துகளில் பாதியை அவரால் படிக்க முடியவில்லை. வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று கையில் அந்தப் பலகை மட்டும் இருந்தது. இப்போது வீட்டில் மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். தட்டு எங்கே முடிகிறது என்று பலகையின் ஓரத்தைத் தடவித் தெரிந்துகொள்கிறார். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு முறைகூடப் பேசியதில்லை.

போன வாரம் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண் பார்க்க அழைத்துப்போனேன். கிளம்பும்போது மஞ்சள் பையில் ஏதோ சதுரமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பார்த்தால் பலகை. "அது எதுக்குப்பா அங்க?" என்றேன். "எவ்ளோ நேரம் ஆவுமோ. நீ சும்மா ஒக்காந்துகினு இருப்ப" என்றார். அப்பா பார்க்காத பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மேசையிலிருந்து இரண்டு தாளும் பேனாவும் எடுத்துப் பையில் போட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் அத்தனை தூரம் பலகையைத் தூக்கி வரும்போது வெறுங்கையோடு போக மனம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே கூட்டம் நெரிந்தது. முதலில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். டாக்டர் மதியத்துக்குள் கிளம்பிவிடுவார், அன்றைக்கு விட்டால் மறுபடி ஒரு வாரம் அலைய வேண்டும். விழித்திரையில் ரத்தம் கசிகிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று போன முறையே சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் இடம் கிடைத்தது. அப்பா கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பலகையை எங்கள் இருவர் மடியிலும் சேர்த்து வைத்தார். நான் பெயர் கூப்பிடுகிற கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடியிருக்க, நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. அத்தையும் வந்தாள். அவள் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்து, அவளும் மகன் வீட்டுக்குப் போய்விட்ட பிறகும், அந்தப் பாதி வாக்கியம் மட்டும் எனக்குள் அப்படியே இருந்தது. தாளை எடுத்து, "அத்தை டப்பாவை மூடிவிட்டு" என்பதற்கு முன்னால் வருவதையெல்லாம் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்தப் பாதி வாக்கியத்துக்கு மறுபடி வந்து சேர்ந்தபோதுதான் தலையைத் தூக்கினேன். எங்களுக்குப் பிறகு வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள் பெஞ்சில் இல்லை.

"ப்பா, உன் பேரு கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்க. அப்பறம் ஒரு ரெண்டு மூணு பேரு உள்ள பூட்டாங்க."

"ஏம்பா சொல்லல?"

"எழுதிகினு இருந்தியே."

அவர் கண் இன்னும் மூடித்தான் இருந்தது. "உனக்கு எப்டி தெரியும்?" என்றேன். அவர் பலகையின் தன் பக்கத்து முனையை விரலால் தட்டிக்காட்டினார். "வண்டியிலயும் இத கேட்டுகினு தான் படுத்துனு இருப்பேன். தூங்கறதாவது" என்றார்.

ஒரு கணம் அந்தப் பழைய கோபம் அப்படியே ஏறி வந்தது. அன்று பெயரை விட்டார், இன்று கண்ணையே விடப் பார்க்கிறார். கத்தியிருப்பேன். ஆனால் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாக்கியம் நான் விட்ட இடத்திலேயேதான் நின்றிருந்தது. அதைத் தாண்டி யாரும் போய்விடவில்லை, அதற்கு எந்தக் கேட்டும் மூடவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் லைன். அதில் இடம் போனால் போனதுதான், எழுத்தும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு இத்தனை நாளை வீணாக்கியிருக்கிறேன். இங்கே அவருடைய முறைதான் போனால் வராது.

பேனாவை மூடினேன். பலகையைப் பக்கத்திலிருந்த வேறொரு அம்மாளிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டத்துக்குள் நுழைந்தேன். கதவருகே நின்ற ஊழியர், "கூப்பிடும்போது எங்க போனீங்க? கடைசில வாங்க" என்றார். நான் நகரவில்லை.

"எங்கயும் போவலண்ணே. அதோ அங்கதான் குந்திகினு இருந்தோம். மருந்து வுட்டுகினு கண்ண மூடிகினு கீறாரு, அவருக்கு இன்னா தெரியும். கேக்காதது நான்தான். கண்ணுல ரத்தம் கசியுதுனு நீங்கதான சொன்னீங்க? அவரு எடத்த அவருக்கு குடுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முழுக்க எங்கள் தெருப் பேச்சு. கதவருகே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பெயருக்காக எழுந்து வந்துகொண்டிருந்த பெரியவர், "மொதல்ல அவர வுடுப்பா" என்று ஒதுங்கினார். அவர் ஒதுங்கிய இடத்தில் நான் தோளை நுழைத்து அப்பாவை உள்ளே விட்டேன்.

"கேப்பு கெடச்சதும் மூக்க நொழச்சிட்டியே" என்றார் அப்பா. முகத்தில் சிரிப்பு இருந்தது. டாக்டர் இருந்த இடத்துத் திரைக்குப் பக்கத்தில் நின்று, "நீ போ, போய் முடி" என்றார்.

"முடிக்கறேன்பா. அது எங்கயும் ஓடாது. இனிமே பேரு கூப்ட்டா சொல்லிடு" என்றேன். அவர் தலையாட்டினார். சொல்வாரா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கண் எந்த அளவுக்குத் தேறும் என்று டாக்டரும் பார்த்து முடித்த பிறகு உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். அந்த அம்மாள் பலகையையும் தாளையும் காற்றில் பறக்காமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வாங்கி மடியில் வைத்தேன். குழம்புக் கறை, டம்ளர் வட்டங்கள், மூலையில் பாதி வெட்டுப்பட்ட அந்த எழுத்துகள். அத்தை டப்பாவை மூடிவிட்டு, அது நன்றாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை அழுத்திப் பார்த்து, வாசல் வரை வந்து அவர் கையில் கொடுத்தாள் என்று எழுதி முடித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.